விசிட் விசால போய் பிரசங்கம் பண்ணலாமா?

கேள்வி, 2 செப்டம்பர் 2024

ஐயா, தூத்துக்குடி பக்கம் ஒரு சின்ன சபையில ஊழியம் பண்றேன். துபாய்ல நம்ம ஊர் ஆட்கள் நடத்துற ஐக்கியத்துல (ஜெபக் குழு) இருந்து கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்க, அப்படியே சிங்கப்பூர்லயும் ஒரு சபை கேட்டிருக்கு. விசிட் விசா போதும், இமிக்ரேஷன்ல கேட்டா சொந்தக்காரங்களைப் பார்க்க வந்தேன்னு சொல்லிடுங்கன்னு சொல்றாங்க. எல்லா ஊழியக்காரங்களும் அப்படித்தான் போறாங்களாம். கர்த்தர் கதவைத் திறந்தா மனுஷன் குடுக்கிற விசா எதுக்குன்னு என் ஃப்ரெண்ட் கேக்கிறார். போகலாமா?

2 செப்டம்பர் 2024, இரவு 9:50

தாராளமா போங்க தம்பி. ஆனா அந்த "சொந்தக்காரங்களைப் பார்க்க வந்தேன்" மட்டும் வேண்டாம். கவுன்டர்ல ஒரு பொய்யைச் சொல்லிட்டு உள்ள போய், மறுநாள் மேடையில ஏறி பொய் உதடுகள் கர்த்தருக்கு அருவருப்புன்னு பேசுறதுக்கு தனி தைரியம் வேணும்.

துபாய் வேற, சிங்கப்பூர் வேற, தனித்தனியா எழுதுறேன். இப்போதைக்கு கூப்பிடுறவங்க கிட்ட மூணு விஷயம் கேளுங்க. கூட்டம் எந்த இடத்துல, அந்த இடம் யார் பேர்ல இருக்கு, நான் வந்து பேசப்போறது அந்த நிர்வாகத்துக்குத் தெரியுமா. பதில் சுத்தி வளைச்சு வந்தா டிக்கெட் போடாதீங்க.

3 செப்டம்பர், காலை 6:15

துபாய் பத்தி. அங்க ஆலயங்கள் இருக்கு, ஆட்சியாளர்கள் குடுத்த நிலத்துல கட்டினது. ஊத் மேத்தா பகுதியில ஒரு வளாகம், ஜெபல் அலியில ஒரு வளாகம், ஷார்ஜாவுல யர்மூக், அபுதாபில முஷ்ரிஃப். ஒரே வளாகத்துக்குள்ள தமிழ், மலையாளம், தெலுங்கு, உருது, ஃபிலிப்பினோ, ஆப்பிரிக்கச் சபைகள்னு மாத்தி மாத்தி நேரம் பிரிச்சு ஹால் எடுத்து ஆராதனை நடத்துறாங்க. 2023ல முஸ்லிம் அல்லாதவங்க வழிபாட்டு இடங்களுக்குன்னே கூட்டாட்சிச் சட்டம் ஒண்ணும் போட்டிருக்காங்க. அந்தக் காம்பவுண்டுக்குள்ள, நிர்வாகத்துக்குச் சொல்லி, அவங்க ஒப்புதலோட பேசுறது ஒரு ரகம். வில்லாவுல, ஃப்ளாட்ல, லேபர் கேம்ப் மொட்டை மாடியில ஆளைக் கூட்டி மைக் வெச்சுப் பேசுறது வேற ரகம். முஸ்லிம்கள் கிட்ட மதம் மாறச் சொல்லிப் பேசுறது அங்க குற்றம், இதுல வழவழா கொழகொழா கிடையாது.

உங்களைக் கூப்பிட்ட "ஐக்கியம்" இதுல எந்த ரகம்னு தெரிஞ்சுக்கோங்க. ஐக்கியம்னா அங்க பெரும்பாலும் ஒருத்தரோட ரூம்தான்.

இன்னொண்ணு, நாள் குழப்பம். 2022 ஜனவரியில இருந்து அமீரகத்துல வார லீவு சனி ஞாயிறு, வெள்ளி அரை நாள்னு மாத்திட்டாங்க. அதுக்கு முந்தி வெள்ளிக்கிழமைதான் எல்லாருக்கும் ஆராதனை. இப்பவும் வெள்ளி ஆராதனையை விடாத சபைகள் இருக்கு, ஏன்னா கட்டட வேலைக்குப் போற பையன்களுக்கு ஞாயிறு லீவு வரும்னு சட்டத்துல எழுதினா மட்டும் வந்துடாது. ஞாயித்துக்கிழமை செய்தி தயார் பண்ணிட்டு வியாழன் ராத்திரி போய் இறங்கினா, மறுநாள் காலையில "ஐயா ரெடியா?"ன்னு வந்து நிப்பாங்க.

3 செப்டம்பர், இரவு 11:05

"பவுல் எந்த விசா எடுத்தார்"னு கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருக்கார். எதிர்பார்த்தேன்.

பைபிள்ல அப்போஸ்தலர் 17 எடுங்க. தெசலோனிக்கேயில பவுல் பேசுறார், ஊர் கொந்தளிக்குது, கூட்டம் வந்து தேடுது. யாரோட வீட்டை? பவுலுக்கு இடம் குடுத்த யாசோன் வீட்டை. பவுல் அங்க இல்ல. யாசோனை இழுத்துட்டுப் போறாங்க, ஜாமீன் வாங்கிட்டுத்தான் விடுறாங்க. அன்னைக்கு ராத்திரியே சகோதரர்கள் பவுலையும் கூட வந்த சீலாவையும் பெரோயாவுக்கு அனுப்பி வெச்சிடுறாங்க. நாம பவுல் பட்ட அடியைப் பத்தி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கோம். அந்த ராத்திரி யாசோன் வீட்டுல என்ன நடந்திருக்கும், ஜாமீன் காசு எங்க புரட்டினான், பொண்டாட்டி என்ன சொன்னா, இதை யாரும் பேசிக் கேட்டதில்ல.

இதுதான் நான் சொல்ல வர்றது. விமானத்துல வந்தவன் விமானத்துல போயிடுவான். சிக்கல் வந்தா நமக்கு அதிகபட்சம் என்ன, திருப்பி அனுப்புவாங்க, ஊருக்கு வந்து சாட்சி சொல்லுவோம், "நாமத்தினிமித்தம் பாடு"ன்னு அதுக்கும் கைதட்டு கிடைக்கும். ஸ்பான்சர் பண்ணவன் வேலை போகும். ஹால் குடுத்த சபையோட ஹால் நேரம் போகும். அவன் புள்ளைங்க அங்க ஸ்கூல்ல படிக்குது. விசுவாசம் நம்முது, ரிஸ்க் அவனுதுன்னா அதுக்குப் பேர் விசுவாசம் இல்ல.

பவுலுக்கு ரோமக் குடியுரிமை இருந்துச்சு, தேவைப்பட்டப்போ அதை எடுத்து நீட்டவும் செஞ்சார். பேப்பரே வேண்டாம்னு இருந்த ஆள் இல்ல.

4 செப்டம்பர், மதியம் 1:20

பேப்பர் இருந்தாலும் கஷ்டம்தான்னு சொல்றவங்களுக்கு: சீகன்பால்குவும் புளூட்சோவும் டென்மார்க் ராஜாவே அனுப்பின மிஷனரிங்க. 1705 நவம்பர் 29 கோபன்ஹேகன்ல கப்பல் ஏறி 1706 ஜூலை 9 தரங்கம்பாடி வந்து சேர்ந்தாங்க, ஏழு மாசத்துக்கு மேல. வந்தவங்களை அங்க இருந்த டேனிஷ் கோட்டைக்காரங்க "வாங்க"ன்னு சொல்லல, வெயில்ல காக்க வெச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு சீகன்பால்குவை அந்தக் கோட்டையோட டேனிஷ் கமாண்டர் நாலு மாசம் உள்ள போட்டார், தன் சொந்த ராஜா அனுப்பின ஆளை. இதைப் படிச்சதுக்கு அப்புறம் நான் கியூல நிக்கிறப்போ முணுமுணுக்கிறது இல்ல.

6 செப்டம்பர், காலை 7:30

சிங்கப்பூர். இதை நிதானமா படிங்க, ஏன்னா இங்கதான் நம்ம ஆட்கள் அதிகமா ஏமாறுறாங்க. விசா ஈசியா கிடைக்குது, திருச்சில ஏறினா நாலு மணி நேரம், எல்லாப் பக்கமும் தமிழ் போர்டு, சொந்த ஊர் மாதிரி ஒரு நினைப்பு வந்துடும்.

மத சம்பந்தமா பேச, போதிக்க வெளிநாட்டுல இருந்து யார் வந்தாலும் மிசலேனியஸ் வொர்க் பாஸ்னு ஒண்ணு எடுக்கணும், அதிகபட்சம் 60 நாள். நீங்க எடுக்க முடியாது, கூப்பிடுற சபைதான் உங்களுக்காக அப்ளை பண்ணணும், அதுவும் நீங்க கிளம்புறதுக்கு நல்லா முன்னாடி. காசு வாங்காம பேசினாலும் பாஸ் வேணும். "நான் காணிக்கை வாங்கல, அதனால இது வேலை இல்ல"ங்கிற லாஜிக் அங்க செல்லாது. மதம், இனம், அரசியல் பத்தின பேச்சுன்னா அதுக்கு விலக்கு இல்ல.

அவங்க சும்மா கெடுபிடி பண்றாங்கன்னு நினைக்காதீங்க. மத நல்லிணக்கத்துக்குன்னு 1990லயே சட்டம் போட்ட நாடு, 2019ல அதை இன்னும் இறுக்கினாங்க. 2017 செப்டம்பர்ல ரெண்டு வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பிரசங்கிகளுக்கு இந்தப் பாஸை மறுத்தாங்க, வேற இடத்துல அவங்க மத்த மதங்களைக் கேவலமா பேசினது காரணம். அதாவது நம்ம யூடியூப் வீடியோ நமக்கு முன்னாடியே போய் இறங்கிடும். ஊர்ல ராத்திரி கூட்டத்துல ஆவேசத்துல பிள்ளையாரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு, சிங்கப்பூர் போய் அன்பின் செய்தி குடுக்கலாம்னா, அந்த ரெண்டு வார்த்தை இன்னும் நெட்ல கிடக்கும்.

2018ல நடந்தது இன்னும் பாடம். அங்க ஒரு கிறிஸ்தவ மாநாட்டுல அமெரிக்கப் பிரசங்கியார் ஒருத்தர் முஸ்லிம்களைப் பத்திப் பேசினதா போலீஸ்ல புகார் ஆச்சு. அதுக்குள்ள பிரசங்கியார் ஊருக்குப் போயிட்டார். அங்க முஸ்லிம்களோட தலைமை மத அறிஞரான முஃப்தியைப் போய் பார்த்து வருத்தம் சொன்னது யாரு? கூட்டம் நடத்தின உள்ளூர்ச் சபையோட போதகர். மறுபடியும் யாசோன் கதைதான்.

6 செப்டம்பர், காலை 8:10

மேல விட்டுப்போச்சு. மலேசியாவுக்கும் விதி கிட்டத்தட்ட அதே போக்குதான், கூப்பிடுற சபை மூலமா பாஸ். முஸ்லிம்கள் மத்தியில வேற மதம் பரப்புறதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம்னு அவங்க அரசியல் சாசனத்துலயே, 11ஆம் பிரிவுல இருக்கு. அங்க தமிழ் மெத்தடிஸ்ட், தமிழ் லுத்தரன் சபைகள் தலைமுறை தலைமுறையா இருக்கு, நடைமுறை அவங்களுக்கு அத்துப்படி. அவங்க கிட்ட கேட்டா போதும், ஏஜென்ட் வேண்டாம்.

பத்தாவது பாஸ் ஆகாத ஊழியர்கள் பாஸ்போர்ட்ல ஈசிஆர் முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைங்கிற குறி) இருக்கான்னு பாருங்க. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்த நாடுகள் லிஸ்ட்ல உண்டு, சிங்கப்பூர் இல்ல. விசிட்டுக்குப் போனாலும் நம்ம ஏர்போர்ட்லயே கூடுதலா கேள்வி கேப்பாங்க. ரிட்டர்ன் டிக்கெட், அழைப்புக் கடிதம், தங்குற அட்ரஸ் எல்லாம் கையில பேப்பரா இருக்கட்டும். ஃபோன்ல இருக்குன்னு சொன்னா அந்த நேரம் பார்த்து சார்ஜ் இருக்காது.

7 செப்டம்பர், இரவு 10:30

"அரபு நாடு, சிங்கப்பூர்தான் இப்படி, ஊழியத்துக்கு எதிரானவங்க"ன்னு ஒரு சகோதரர் கொந்தளிச்சிருக்கார். சார், நம்ம நாட்டு விதியும் அதேதான். இந்தியாவுக்குள்ள மத ஊழியத்துக்கு வர்றவங்களுக்கு மிஷனரி விசான்னு தனியா இருக்கு, டூரிஸ்ட் விசால வந்து பிரசங்கம் பண்ணக்கூடாது. 2022 அக்டோபர்ல அசாம்ல ஜெர்மன்காரங்க, ஸ்வீடன்காரங்க சிலரைப் பிடிச்சு அபராதம் போட்டுத் திருப்பி அனுப்பினாங்க, இதே காரணம். நம்ம ஊர் கன்வென்ஷனுக்கு வெள்ளைக்காரர் ஒருத்தர் வந்தா போஸ்டர்ல அவர் படம்தான் பெருசா இருக்கும். அவர் என்ன விசான்னு கமிட்டில யாராவது கேட்டதுண்டா? போஸ்டரைப் படிக்கிறது விசுவாசிங்க மட்டுமில்ல.

9 செப்டம்பர், இரவு 9:00

விசா பேச்சு போதும். என்னத்தைப் போய் பேசுறதுங்கிறதுக்கு வர்றேன், என் மனசு அங்கதான் இருக்கு.

நான் கன்வென்ஷன் பேச்சாளர் இல்ல, பைபிள் ஸ்கூல்ல வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். என்னைக் கூப்பிடுறது வேதபாடம் எடுக்க. வளைகுடாவுல ஒரு வளாகத்துல எங்களுக்குக் கிடைச்சது முதல் மாடியில ஒரு ரூம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். எபேசியர் நிருபம். வந்தவங்க ஸ்கஃபோல்டிங் வேலை, ஏசி மெக்கானிக், ஒரு நர்ஸம்மா, ஒரு அக்கவுன்டன்ட், வீட்டு வேலை செய்ற ரெண்டு அக்கா. ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருத்தன் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்திருந்தான், பூட்ஸ்ல சிமெண்ட் காஞ்சு போய் உதிருது, அதைக் குனிஞ்சு பொறுக்கி பாக்கெட்ல போட்டுக்கிறான், ரூமை அசிங்கம் பண்ணக்கூடாதாம். பாடம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல தூங்கிட்டான். எழுப்ப மனசு வரல. ஆனா பாருங்க, ரெண்டாம் அதிகாரத்துல "அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்"னு வாசிக்கிறப்போ சட்டுனு முழிச்சு, "ஐயா அதைத் திருப்பி வாசிங்க"ன்னான். திருப்பி வாசிச்சேன். அவன் அதை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு மறுபடி தூங்கிட்டான்.

ஒன்பது மணி ஆனா கதவைத் தட்டுவாங்க, அடுத்து ஒரு எத்தியோப்பியச் சபை. நாம முடிவு ஜெபம் பண்றப்பவே அவங்க ஆள் குனிஞ்சு வந்து ஸ்பீக்கர் வயரை மாத்திட்டு இருப்பார். நீட்டி ஜெபிக்கிற வழக்கம் எனக்கு அங்கதான் போச்சு.

இந்த மாதிரி ஆட்களுக்கு முன்னாடி நின்னு ஊர்ல பேசின அதே "இந்த வருஷம் உனக்கு இரட்டிப்பு ஆசீர்வாதம்"ங்கிற செய்தியை எடுத்து விட எனக்கு வாய் வராது.

10 செப்டம்பர், காலை 6:40

இரட்டிப்பு பத்தி ஏன் இவ்ளோ காட்டம்னு கேட்டிருக்காங்க. சொல்றேன்.

ஒரு பிரசங்கியார், பேர் வேண்டாம், பெரிய ஆள். கூட்டத்துல ஒரு பையனைக் கைநீட்டி, "நீ கூலி இல்ல, முதலாளி, இந்த வருஷம் முடியிறதுக்குள்ள"ன்னு தீர்க்கதரிசனம் சொல்லிட்டார். பையன் வேலையை விட்டுட்டான். அங்க வேலை போனா விசா போகும், விசா போனா ரூம் போகும், ஊர்ல வாங்கின கடன் மட்டும் போகாது. கடைசில உள்ளூர்ப் போதகர், அவரே ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பர், ஆள் ஆளா போன் பண்ணி டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து அனுப்பி வெச்சார். பையன் கோயிலுக்கு வர்றதையே விட்டுட்டான்னு கேள்வி. பெரியவர் அந்த நேரம் வேற நாட்டுல வேற கையை நீட்டிட்டு இருந்திருப்பார்.

விசாவுல சொன்னதேதான் போதனைக்கும். நாம பேசிட்டு வந்ததோட விளைவுகூட வாழப்போறது அங்க இருக்கிற போதகர். அதனால நான் போறதுக்கு முன்னாடி அவர்கிட்டயே கேப்பேன், உங்க ஜனங்களுக்கு இப்ப எது தேவை, எதைத் தொடக்கூடாதுன்னு. ஒரு இடத்துல "ஞானஸ்நானம் பத்தி மட்டும் பேசாதீங்க ஐயா, சிஎஸ்ஐயும் பெந்தெகொஸ்தேயும் ஒரே ரூம்ல உக்காந்திருக்காங்க, அதுல ரெண்டு பேருக்கும் கருத்து வேற, உங்களால ரெண்டா போயிடும்"னார். பேசல.

10 செப்டம்பர், மதியம்

குவைத்ல இருக்கிற அண்ணாச்சி ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்கார். "நீங்க வாத்தியார், உங்களுக்குப் பாடம்தான் பெருசா தெரியும், நான் தூக்கு மாட்டிக்கலாம்னு இருந்த வாரத்துல ஒரு கன்வென்ஷன் செய்திதான் என்னை நிறுத்துச்சு, அந்த ஆள் மறுநாளே ஃப்ளைட் ஏறிட்டார், எனக்கு அவர் பேர்கூட மறந்துபோச்சு"ன்னு எழுதியிருக்கார்.

அண்ணாச்சி, இதுக்கு மேல நான் என்ன பேச. ஒரு ராத்திரி பேச்சை நான் ரொம்பத்தான் மட்டம் தட்டிட்டேன் போல. என் கோபம் ஒரு ராத்திரி வந்து பேசுறவங்க மேல இல்ல, கைநீட்டிட்டு ஓடுறவங்க மேல. அதை மட்டும் மாத்திக்க மாட்டேன்.

13 செப்டம்பர், இரவு 10:15

காணிக்கை. கேக்கணும்னு எல்லாருக்கும் ஆசை, கேட்டது ஒரு சிஸ்டர்தான். "என் வீட்டுக்காரரும் போறார், எவ்ளோ வாங்கலாம், எவ்ளோ கொண்டு வரலாம்?"

கொண்டு வர்ற சட்டம் சிம்பிள். இந்தியாவுக்குள்ள வெளிநாட்டுப் பணம் எவ்ளோ வேணா கொண்டு வரலாம், ஆனா நோட்டா 5,000 டாலர் மதிப்புக்கு மேல, இல்ல நோட்டு, டிராவலர்ஸ் செக் எல்லாம் சேர்த்து 10,000 டாலர் மதிப்புக்கு மேல இருந்தா கஸ்டம்ஸ்ல டிக்ளேர் பண்ணணும். அது தனிப்பட்ட காசு. சபைக்கு, டிரஸ்டுக்குன்னு வெளிநாட்டு ஆள் குடுத்ததுன்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) வந்துடும், பதிவு இல்லாம வாங்கக்கூடாது. இந்த ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுக் கலக்கிட்டு அப்புறம் ஆடிட்டர் கிட்ட அழுறவங்களைப் பார்த்திருக்கேன்.

எவ்ளோ வாங்கலாம்ங்கிறதுக்கு சட்டம் இல்ல, மனசாட்சிதான். கூட்டம் முடிஞ்சு கை குடுக்கிறப்போ உள்ளங்கையில ஒரு நோட்டை வெச்சு அழுத்துவாங்க. தபால் தலை சைஸுக்கு மடிச்சிருக்கும், வியர்வையில நனைஞ்சிருக்கும். ரூமுக்கு வந்து பிரிச்சா இருபது திர்ஹம். அந்தப் பையனுக்கு அது ரெண்டு நாள் சாப்பாட்டுக் காசு. வேண்டாம்னா முகம் வாடிடும், அது அவங்க மரியாதை. நான் வாங்கி உள்ளூர்ப் போதகர் கையில குடுத்துட்டு வந்துடுவேன், ஊருக்குப் போக டிக்கெட் இல்லாம நிக்கிறவனுக்கு ஆகும்னு. இது என் வழக்கம், எல்லாருக்கும் சட்டமா சொல்லல, எனக்கு பென்ஷன் வருது. பென்ஷன் இல்லாத ஊழியக்காரர் வாங்கினா நான் குறை சொல்ல மாட்டேன். தொகையை முன்கூட்டியே பேசி, பிசினஸ் கிளாஸ் கேட்டு, ஹோட்டல் பேரையும் சொல்றவங்களைத்தான் சொல்றேன்.

14 செப்டம்பர், காலை

அதுக்குத்தான் திதக்கே இருக்கேன்னு ஒருத்தர். சரியா பிடிச்சார். ஆதிச் சபையோட ஒழுங்கு நூல், 1873ல கான்ஸ்டான்டிநோபிள்ல பிரதி கிடைச்சது. ஊர் ஊரா வர்ற அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவைன்னா ரெண்டு நாள், மூணு நாள் தங்கினா கள்ளத் தீர்க்கதரிசி. போறப்போ அடுத்து தங்குற இடம் வரைக்கும் ரொட்டி மட்டும் குடு, காசு கேட்டா கள்ளத் தீர்க்கதரிசி. இதை நோட்டீஸ் அடிச்சு நம்ம சபை வாசல்ல ஒட்டினா கன்வென்ஷன் சீசனே காலி.

ஆனா அதுபடி பார்த்தா வாரக்கணக்குல தங்குற நானும் கள்ளத் தீர்க்கதரிசிதான். இல்ல, நான் வாத்தியார், வாத்தியார்களுக்கு அதே நூல்ல கொஞ்சம் இடம் குடுத்திருக்கு, உண்மையான போதகன் சாப்பாட்டுக்குப் பாத்திரவான்னு. தப்பிச்சேன்.

18 செப்டம்பர், இரவு 8:45

பெட்டி பத்தி ஒரு குறிப்பு, ஏன்னா இதுல மாட்டுறதுதான் அதிகம்.

கசகசா. அமீரகத்துலயும் சிங்கப்பூர்லயும் தடை, போதைப்பொருள் கணக்குல வரும். தங்கியிருக்கப்போற வீட்டு அம்மா "ஐயா, ஊர்ல அரைச்ச குருமாப் பொடி கொஞ்சம்"னு கேப்பாங்க, உங்க வீட்டம்மா அன்பா அரைச்சுக் கட்டிக் குடுப்பாங்க, அதுல கசகசா இருக்கும். பிரசங்கத்துக்குப் பிடிக்காத போலீஸ் குருமாவுக்குப் பிடிக்கும். அரைக்கிறதுக்கு முந்தியே சொல்லிடுங்க.

அபிஷேக எண்ணெய் பாட்டில் கையில கொண்டு போற பையில 100 மில்லிக்கு மேல ஏத்த மாட்டாங்க, செக்யூரிட்டில நின்னு "இது ஜெபிச்ச எண்ணெய்"னு வாதாடின ஒருத்தருக்குப் பின்னாடி நான் கியூல நின்னிருக்கேன், ஃப்ளைட் போயிடுமோன்னு எனக்குத்தான் வேர்த்துச்சு. எண்ணெய் எல்லா ஊர்லயும் கிடைக்கும் ஐயா. புத்தகமும் கட்டுக்கட்டா வேண்டாம். சொந்த பைபிள் ஒண்ணு, நோட்ஸ் ஒரு கட்டு, அவ்ளோதான். விநியோகத்துக்குன்னு நூறு கைப்பிரதி கொண்டு போனா வளைகுடாவுல அந்த நூறுக்கும் விளக்கம் சொல்லணும், நீங்க இல்ல, கூட்டிட்டுப் போக வந்தவர்.

22 செப்டம்பர், மதியம் 3:00

கொஞ்சம் தடம் மாறுறேன். 2024 செப்டம்பர்ல இண்டிகோ சென்னை யாழ்ப்பாணம் ஓட ஆரம்பிச்சது, அலையன்ஸ் ஏர் அதுக்கு முந்தியே ஓடிட்டு இருந்துச்சு. யாழ்ப்பாணத்து ஏர்போர்ட் இருக்கிற பலாலியில இறங்குறப்போ என் ஞாபகத்துக்கு வர்றது அசரியா. வெள்ளாளன்விளைக்காரர், நம்ம பக்கம். 1902ல யாழ்ப்பாணம் போனார், பேசத்தான் போனார். போன இடத்துல பார்த்தா அந்தச் சின்னச் சபை தன் காசுல தமிழ்நாட்டுக்கு மிஷனரி அனுப்பிட்டு இருக்கு. ஆயிரக்கணக்குல கிறிஸ்தவங்க இருக்கிற திருநெல்வேலி வெள்ளைக்காரன் காசையே பார்த்துட்டு இருக்கிறப்போ! மனுஷன் வெக்கப்பட்டுத் திரும்பி வந்து 1903ல இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிக்க முன்ன நின்னார், பத்து வருஷத்துக்குள்ள தோர்ணக்கல்ல பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப். போதிக்கப் போன இடத்துல படிச்சுட்டு வந்த ஆள்.

இலங்கைக்கும் டூரிஸ்ட் விசால போய் பிரசங்கம் பண்ணக்கூடாது, சபை மூலமா முறையா போகணும். அதுவும் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அப்புறம், மட்டக்களப்பு சீயோன் சபையில சின்னப் புள்ளைங்க செத்த ஊர்ல, வெளியில இருந்து போய் "துன்பத்தின் ரகசியம்"னு தலைப்பு வெச்சுப் பேச எனக்கு எந்த யோக்கியதையும் இல்ல. போனா கேக்கத்தான் போகணும்.

29 செப்டம்பர், காலை 6:20

"இதெல்லாம் எதுக்கு, ஜூம்ல எடுத்துட்டுப் போகலாமே, டிக்கெட் காசு மிச்சம்"னு ஒரு தம்பி. கொரோனா காலத்துல எடுத்தேன், நல்லாத்தான் போச்சு, நைட் ஷிஃப்ட் பையன்கள் ரெக்கார்டிங் கேப்பாங்க, அது நேர்ல கிடைக்காத வசதி. இப்பவும் முதல் பாதிப் பாடத்தை ஜூம்ல முடிச்சுட்டு, மீதிக்கு மட்டும் போகலாம்னு ஒரு சபைக்குச் சொல்லியிருக்கேன்.

முழுசா ஜூமுக்கு மாற மனசு வரல. ஜூம்ல கேள்வி கேக்கிறது எப்பவும் அந்த அக்கவுன்டன்ட்தான். வீட்டு வேலை செய்ற அக்கா ரெண்டு பேரும் மியூட்லயே இருந்தாங்க, நேர்ல போனப்போ பாடம் முடிஞ்சு டீ கலக்குற இடத்துல வந்து நின்னு கேட்டாங்க, "ஐயா, முதலாளியம்மா வீட்டுல விக்கிரகத்துக்கு முன்னாடி விளக்குத் துடைக்கச் சொல்றாங்க, துடைச்சா பாவமா?" எபேசியர்ல நான் தயார் பண்ணிட்டுப் போன எதுலயும் அந்தக் கேள்வி இல்ல. சீரியாப் படைத்தலைவன் நாகமான் கதையைச் சொன்னேன், 2 இராஜாக்கள் 5, எஜமான் கூட ரிம்மோன் கோயில்ல குனிய வேண்டியிருக்கு, கர்த்தர் மன்னிப்பாராகன்னு அவன் கேட்டப்போ தீர்க்கதரிசி எலிசா "சமாதானத்தோடே போ"ன்னு சொன்னதை. மறுநாள் பாடத்தை விட்டுட்டு அதையே எல்லாருக்கும் எடுத்தேன். நர்ஸம்மா ஒத்துக்கவே இல்ல, ராஜா வெச்ச சிலையைக் கும்பிட மாட்டோம்னு நெருப்புக்குள்ள போன சாத்ராக் மேஷாக்கைக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. நல்ல சண்டை.

5 அக்டோபர், இரவு 9:30

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு. துபாய்க்காரங்க நிர்வாகத்துல கேட்டுச் சொல்றோம்னு சொன்னாங்கன்னா காத்திருங்க, நிர்வாகக் கமிட்டி மாசத்துக்கு ஒரு தடவைதான் கூடும், அது மறுப்பு இல்ல. "சொந்தக்காரர்" யோசனை குடுத்தவர் இப்போ போன் எடுக்கலைன்னா அதுவும் ஒரு பதில்தான். சிங்கப்பூர் சபை பாஸுக்கு ஃபார்ம் அனுப்பினா, முன்னாடி எந்தெந்த நாட்டுல பேசினீங்கன்னு கேட்டா ஒண்ணு விடாம எழுதுங்க. உங்க யூடியூப் சேனலையும் ஒரு தடவை முழுசா உக்காந்து பாருங்க, தம்ப்நெயில்ல வெச்ச தலைப்பையும் சேர்த்து. தலைப்பு வைக்கிறது எடிட்டர் பையன்தான்னு இமிக்ரேஷனுக்குத் தெரியாது.

குவைத் அண்ணாச்சி: நர்ஸம்மா பக்கம்தான் நான்னு நீங்க சொன்னதுக்கு பதில் எழுதணும், நாளைக்கு பாக்கலாம். நாகமான் பரதேசி, நாம பிள்ளைகள்ங்கிற உங்க வாதம் கொஞ்சம் வலுவாத்தான் இருக்கு.